கொடி மாமாவும் கட்டுக்குருந்தை ஓடுபாதையும்

வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நிற்பது ஒரு தனி இன்பம். காலி வீதியின் ஆரவாரம் அப்போது எழுந்திராது. எதிரே கடல் மட்டும் ஓயாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அண்மையில் அத்தகைய ஒரு காலையில், நாமும் எம் மாணவர் இருவரும் களுத்துறைப் பக்கம் போகும் வண்டிக்காகக் காத்து நின்றோம். எங்கே பயணம் என்று வினவிய அயலவரிடம், "கட்டுக்குருந்தைக்கு" என்றோம். "அங்கே என்ன இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

எம்மைப் புறப்படச் செய்தது வகுப்பில் எழுந்த ஒரு பேச்சு. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில், கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்தினுள் பாய்ந்து ஏழு பேர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பந்தயத்தை நடத்த உதவி நின்றோரும் இருந்தனர். அதைப் பற்றிப் பேசுகையில் ஒரு மாணவர், "சேர், கொடியோடு நிற்கிறவர்களுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டார். கழகங்கள் நடத்தும் பந்தயங்களில் உலகெங்கும் பெரும்பாலோர்க்குச் சம்பளமே இல்லை என்றோம். அவர் நம்பவில்லை. அப்போதுதான் எமக்குக் கொடி மாமாவின் நினைவு வந்தது.

கொடி மாமா எங்கள் ஒழுங்கையில் கடற்கரைப் பக்கமாகக் குடியிருந்தவர். இளமையைக் கொட்டாஞ்சேனையிற் கழித்து, மணமானபின் வெள்ளவத்தைக்கு வந்தவர். கோட்டையில் ஒரு கப்பற் கம்பனியில் எழுதுவினைஞர் வேலை. அவரிடம் கார் இருந்ததில்லை. மோட்டார்ச் சைக்கிளும் இருந்ததில்லை. பழைய ராலி சைக்கிள் ஒன்றுதான் அவருடைய வாகனம். ஆயினும் மோட்டார்ப் பந்தயம் என்றால் முதல் நாள் இரவே கொடிகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, தேநீர்ப் போத்தலும் கையுமாக முதல் வண்டிக்குப் போய்விடுவார். கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்கு அண்மையில் அவருடைய பள்ளித்தோழர் ஒருவர் வாகனம் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். பஞ்சிகாவத்தைக் கடைகளில் கழித்துவிட்ட பழைய ரயர்களை இருவரும் இரந்து சேர்த்து, அந்தப் பட்டறை முற்றத்தில் அடுக்கி வைப்பார்கள். பந்தயத்துக்கு முன்தினம் ஒரு லொறி வந்து அவற்றை ஏற்றிப்போகும். வளைவுகளில் மதிலாக நிறுத்துவதற்கு அவை. காரோட்டுபவருக்குக் கிண்ணம் கிடைக்கும். ரயர் சுமந்தவருக்கு ஒரு சோற்றுப் பார்சல் கிடைக்கும். அந்தப் பார்சலைப் பற்றி மாமாவுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, மீன் பொரியல் இருந்தால்.

வண்டி மொறட்டுவை, பாணந்துறை கடந்து, களுத்துறையில் களு கங்கைப் பாலத்தின்மேல் ஊர்ந்தது. வெள்ளைத் தாதுகோபுரம் தோன்றி மறைந்தது. அடுத்துக் கட்டுக்குருந்தை.

இங்குள்ள விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர் அமைத்தது. கப்பல்களுக்குச் சூட்டுவதுபோல் தளத்துக்கும் அவர்கள் பெயர் சூட்டினர். 'உகுஸ்ஸா' என்ற அச் சிங்களச் சொல் கழுகைக் குறிக்கும். போர் ஓய்ந்தபின் கழுகுகள் பறந்துபோக, ஓடுபாதை மிஞ்சியது. அகலமான, மேடு பள்ளமற்ற, நேரான பாதையைக் கண்டால் மோட்டார்ப் பித்தர்கள் சும்மா இருப்பார்களா? இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் விமானத்தளம் 1948இல் பந்தயத் தடமாயிற்று. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் சோழவரத்துப் போர்க்கால ஓடுபாதையில் நெடுங்காலம் பந்தயம் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனத் தடம் திறந்தனர். போருக்குப் போட்ட தார், மூன்று நாடுகளிலும் விளையாட்டுக்குப் பயன்பட்டது வேடிக்கைதான்.

முன்கூட்டி அனுமதி பெறாமற் சென்றது எம் பிழை. வெளியே வீதியோரத்தில் நின்றே மாணவர்களுக்குக் கதை சொல்ல நேர்ந்தது.

எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மாமா எங்களைப் பந்தயம் பார்க்க அழைத்து வந்திருந்தார். கார்கள் ஒரு வளைவில் வேகந் தணிந்து திரும்பும் அழகை அண்மையில் நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசையில், கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழாக நாம் நுழைந்துவிட்டோம். எம்மைக் கண்டு வேறு பத்துப் பதினைந்து பேரும் நுழைந்தனர். அடுத்த கணம் விசில் ஒலித்தது. மாமா ஓட்டக்காரரைப் பார்க்கவில்லை, எம்மைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து ஏதோ சொன்னார். சிறிது நேரத்தில் சிவப்புக் கொடி காட்டி அந்தச் சுற்றையே நிறுத்திவிட்டார்கள். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் இறங்கிவந்து சத்தமிட்டார், கூட்டமும் கூவிற்று. மாமா ஒருவருக்கும் பதில் சொல்லாமல் எம்மிடம் வந்து, "தம்பி, இந்தக் கயிறு உமக்காகக் கட்டினது. காருக்குக் கயிறு தெரியாது" என்றார். அன்று வீடு திரும்பும்வரை எம்மோடு அவர் வேறொரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பேர் முன்னிலையில் அவரைத் தலைகுனிய வைத்தோமே என்ற வெட்கம் எமக்கு இன்றும் தீரவில்லை.

பின்னொருநாள் அவரே அதன் காரணத்தைச் சொன்னார். 1955இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் கார் சிதறிக் கூட்டத்துள் விழுந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தியை அவர் பத்திரிகையிற் படித்திருந்தார். 1977இல் தென்னாபிரிக்காவின் கயலாமித் தடத்தில், தீயணைப்புக் கருவியுடன் பாதையைக் குறுக்கறுத்து ஓடிய 19 வயதுத் தொண்டர் யான்சன் வான் வூரென் மீது ரொம் பிரைஸ் என்பாரின் கார் மோதி இருவரும் இறந்தனர். அந்தப் பையனின் பெயர் ஒருவர் வாயிலும் வருவதில்லை என்பது மாமாவின் மனத்தாங்கல்.

ஏப்ரல் மாதத்தில் அவர் நுவரெலியாவுக்கும் போவார். அங்கே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அதில் கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாகத் தனியே மலைப்பாதையில் ஏறும். மிகக் குறைந்த நேரத்தில் ஏறியவர் வென்றவர். ஆகவே அங்கே கொடியைக் காட்டிலும் கடிகாரமே பெரிது. விரல் கடுக்கும் குளிரில் மாமா நேரங்களைக் கொப்பியில் குறிப்பார். ஆண்டுதோறும் சேர்த்த அக் கொப்பிகள் அத்தனையும் 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயின. அதன்பின் பந்தயப் பேச்சையே விட்டுவிட்டார் என்று மாமி சொல்லக் கேட்டிருக்கிறோம். சில மாதங்கள் சென்றபின், கூட வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் கடதாசிக் கட்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாராம். மாமா எழுதிய நேரப் பட்டியல்களின் கார்பன் பிரதிகள் அவை. எல்லாம் அல்ல, கிடைத்தவை மட்டும். நண்பர் மன்னிப்பு என்றோ ஆறுதல் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்துக்கு எத்தனை ரயர் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மாலையில் திரும்பியபோது மாணவர்களை மாமியிடம் அழைத்துச் சென்றோம். மாமா மறைந்து ஆண்டுகள் பலவாகின்றன. இப்போது மாமி மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். கொடிகள் உண்டா என்று வினவினோம்.

"எல்லாத்தையும் கழகத்துக்குக் குடுத்திட்டன், தம்பி. மஞ்சள் மட்டும் இருக்கு. அது என்ர சீலையில தைச்சது."

பல்கனியில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காகம் கொத்தாதிருக்க அதன்மேல் அந்த மஞ்சட் கொடி விரித்திருந்தது. மாணவர் ஒருவர் அதை எடுத்து, எப்படிப் பிடிப்பது என்று எம்மைக் கேட்டார். எமக்குத் தெரியவில்லை. மாமி அதை வாங்கிக் கையை நீட்டி அசையாமற் பிடித்தார்.

"இப்பிடிப் பிடிச்சா, முன்னுக்கு அபாயம் இருக்கு எண்டு அர்த்தம். இப்பிடி வீசினா அபாயம் பெரிசு."

இருமுறை வீசிக் காட்டிவிட்டு, மிளகாய்மேல் மறுபடி கொடியை விரித்து, நான்கு முனையிலும் கல் வைத்தார்.