கணக்கு மாத்திரை

கணக்கு வராத பிள்ளைக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் கணக்கு வந்துவிடுமா? சிரிக்காதீர்கள். 1937-ல் அமெரிக்காவில் சில பிள்ளைகள் அப்படித்தான் நம்பினார்கள்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைப் பிரச்சினை உள்ள சிறுவர்களுக்கென்று பிராட்லி இல்லம் என்று ஒரு மருத்துவமனை. அந்தக் காலத்தில் மூளையை எக்ஸ்ரே எடுக்க, முதுகுத்தண்டு வழியாக நீரை வடித்துவிட்டுக் காற்றை ஏற்றுவார்கள். பிறகு மண்டையைப் பிளக்கும் தலைவலி! அதற்காக சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், பென்சிடிரின் என்ற ஆம்பெட்டமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கவனித்தார்கள்! அடுத்து 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்ததில், 14 பேரின் படிப்பில் பெரிய முன்னேற்றம். 'கணக்கு மாத்திரை' என்று பேர் வைத்ததும் பிள்ளைகள்தான்.

அதுசரி, ஊக்க மருந்து எப்படி ஒருவரை உட்கார வைக்கும்? மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்களை இது கூட்டுகிறது. கவனத்தை இழுத்துப் பிடிக்கும் முன்மூளைக்கு அதனால் பலம் கிடைக்கிறது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு இன்றும் இந்த வகை மருந்துகள் தரப்படுவது அதனால்தான்.

பலன் உண்மைதானா? 1999-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்தார்கள். அளவு பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு, நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் 3 ஆண்டு முடிவில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. புதிதாக மருந்தை ஆரம்பித்துத் தொடர்ந்த பிள்ளைகள், மருந்தே எடுக்காதவர்களைவிடச் சுமார் 2 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். பசி குறைவது, தூக்கம் கெடுவது, இதயத்துடிப்பு கூடுவது, தவறாகப் பயன்படுத்தினால் அடிமையாகிவிடுவது... செலவுப் பக்கமும் நீளம்தான். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளைப் பிறரோடு பகிர்வதன் ஆபத்து பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

பிரச்சினையே இல்லாதவர் பரீட்சைக்காக விழுங்கினால்? இதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2023-ல் வெளிவந்தது. ஆரோக்கியமான 40 பேர். ஒரு பை, அது தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு, விலையும் எடையும் வேறுவேறான சில பொருட்கள். எடை மீறாமல் அதிக மதிப்புள்ளதாக நிரப்ப வேண்டும். மருந்து எடுத்த நாளில் அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், பொருட்களை அதிகமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முயற்சியின் தரமும் இறங்கிவிட்டது. போட்ட முதல் கூடியது, லாபம் குறைந்தது! மருந்தில்லாமல் நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் சரிவு அதிகம்.

ஆக, டாக்டர் பார்த்துக் கொடுத்த மருந்தை ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பிள்ளைக்கு நிறுத்துவதும் தவறு. நண்பனின் மாத்திரையைப் பரீட்சைக்கு முதல் நாள் கடன் வாங்குவதும் தவறு. பிராட்லி இல்லத்துப் பிள்ளைகள் வைத்த பேர்தான் கொஞ்சம் பொருந்தவில்லை. மாத்திரைக்குக் கணக்கு தெரியாது. அது தேவைப்பட்ட பிள்ளையை உட்கார வைத்தது, அவ்வளவுதான். கணக்கைச் சொல்லிக் கொடுத்தது வாத்தியார்!