ஒரே சாவி

பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில், பேகம்பூரில் குடியிருக்கும் ஓர் உபாத்தியாயன், எல்லாப் பூட்டுகளையும் ஒரே சாவியால் திறந்துவிடலாம் என்று நம்பினான் என்றால் நேயர்கள் சிரிப்பார்கள். நம்பியவன் நானேதான்!

2009-ஆம் வருஷம் மலிவான டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கினேன். அதன் தலையிலிருந்த சக்கரத்தில் முகம், மலை, ஓடும் மனிதன், சந்திரன் என்று பல சின்னங்கள். 'பி' என்றோர் எழுத்து. 'ஆட்டோ' என்றொரு சொல். மற்றவற்றைக் கற்கச் சோம்பல்பட்டு, 'ஆட்டோ'வையே சரணடைந்தேன்.

எங்கள் பள்ளிப் பியூன் ஓய்வு பெற்ற தினத்தன்று, வெண்ணிறச் சட்டையும் தொப்பியுமாகத் தாழ்வாரத்தில் நின்றார். பின்னால் மைதானத்தில் உச்சி வெயில். ஒரே ஒரு படம் எடுத்தேன். சில மாதங்களில் அவர் காலமானார். அவருடைய மகன் வந்து, "ஸார், அத்தா படம் உங்ககிட்ட இருக்காமே?" என்றான். எடுத்துப் பார்த்தேன். சட்டை தெரிந்தது, மைதானம் தெரிந்தது, முகம் வெறும் நிழலாயிருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்து வெளுக்கச் செய்தேன். முகமெல்லாம் புள்ளிகள். பையன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அத்தா மாதிரிதான் இருக்கு, ஸார்" என்றான். அந்த 'மாதிரி' இன்றும் என்னை உறுத்துகிறது.

பிறகுதான் விஷயத்தைக் கற்றேன். காமிராவின் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 18 சதவிகித ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறம் என்றே எண்ணுகிறது. வெண்மை மிகுந்தால் படத்தை இருட்டாக்கும். கருமை மிகுந்தால் வெளுக்கும். ஓடும் மனிதன் சின்னம் ஷட்டரை விரைவாக மூடும்; விளையாட்டுப் போட்டிக்கு உகந்தது. சந்திரன் சின்னம் அதை நெடுநேரம் திறந்து வைக்கும். கை நடுங்கினால் படமும் நடுங்கும். 'பி'யிலும் கணக்குப் போடுவது யந்திரமே. ஆயினும் அதைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டு. ஒளியை ஒரு படி கூட்டலாம். வெயிலிலும் பிளாஷை எரியவிடலாம். அன்று அது ஒன்றே போதுமாயிருந்தது.

இப்போது கைப்பேசிகள் முகத்தைத் தாமே கண்டு ஒளியைச் சீர்செய்கின்றன. இருந்தும், எவரையேனும் படம் எடுத்தால் முகம் தெளிவாக விழுந்ததா என்று அங்கேயே பார்த்துவிட்டுத்தான் அவரை அனுப்புகிறேன். வகுப்பிலும், சராசரி மாணவனுக்கென்று பாடத்தை நடத்திவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்க்கும்போது, அந்த நிழல் முகம் ஞாபகம் வருகிறது. பாடத்தை மறுபடியும் தொடங்குகிறேன்.