ஜீரோ டி போட்டியா?

சோலாரிஸ் 10 சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதன் டீபக்கரான எம்டிபி மேல் எனக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகம். ரூட் பாஸ்வேர்டு கையில் இருந்தால் போதும். -கேடபிள்யூ கொடுத்துத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாறியை அங்கேயே மாற்றிவிடலாம். ரீபூட் வேண்டாம், டவுன்டைம் கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். அதில் ஒரு கிறக்கம் இருந்தது, மறைப்பானேன்.

ஒருமுறை டேட்டாபேஸ் சர்வர் ஒன்றில் ஸ்டோரேஜ் திணறியது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு லன்னுக்கும் ஒரே நேரத்தில் 35 ஐ/ஓ வரை அனுப்பிக்கொண்டிருந்தது. அதை 10 ஆக்க முடிவு செய்தோம். தட்டி முடித்து என்டரில் விரல் வைத்தபோது, பின்னால் நின்ற சீனியர் கேட்டார்: “ஜீரோ டி போட்டியாப்பா?”

எம்டிபிக்கு எண் என்றாலே பதினாறடிமானம். வெறும் 10 கொடுத்தால் 16 என்றுதான் எடுத்துக்கொள்ளும், தசமத்துக்கு 0டி10. போட்டிருந்தேன். என்டர் தட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது: 0எக்ஸ்23 = 0எக்ஸ்ஏ. பழையது 35, புதியது 10. ‘நிச்சயமா?’ என்றெல்லாம் கேட்காது. 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுக்கு ஸ்டீவ் போர்ன் எழுதிய ஏடிபி டீபக்கரின் வாரிசு அல்லவா, பேச்சில் அதே கஞ்சத்தனம்.

எண்ணைவிட ஆபத்தானது அகலம். பெரிய டபிள்யூ 4 பைட் எழுதும், இசட் 8 பைட். 4 பைட் மாறிக்கு இசட் கொடுத்தால் பக்கத்து மாறியும் அழியும். 8 பைட் மாறிக்கு டபிள்யூ கொடுத்தால் ஸ்பார்க் இயந்திரத்தில் மேல்பாதி மட்டும் மாறும். 10 என்று நினைத்து எழுதியது 4,000 கோடியைத் தாண்டிவிடும். சில மாறிகளை மாற்றியும் பயனில்லை. உதாரணமாக, மேக்ஸ்யூசர்ஸ் மாறியை வைத்துப் பிற வரம்புகளை கெர்னல் பூட் நேரத்திலேயே கணக்குப் போட்டு முடித்திருக்கும்.

எம்டிபியைக் கண்டு அஞ்சுகிற பலர், பூட்டின்போது படிக்கப்படும் /இடிசி/சிஸ்டம் கோப்பை நம்புவார்கள். நானும் நம்பினேன். சீனியர் தலைகீழ்: முதலில் நினைவகத்தில் மாற்று, லோடு ஏறும்போது கவனி, சரியாக வந்தால்தான் கோப்பில் ஏற்று. நினைவகத்தில் எழுதியது ரீபூட்டோடு போய்விடும். கோப்பில் தப்பாக எழுதினால் இயந்திரம் எழாமலே போகலாம். பிறகு பூட் -ஏ கொடுத்து, சிஸ்டம் கோப்பைக் கேட்கும்போது /டெவ்/நல் என்று சொல்லித்தான் மீட்க வேண்டும். அவர் வழிதான் சரி என்பது என் தீர்ப்பு.

எழுதுமுன் /டி கொடுத்துப் பழைய மதிப்பைப் பாருங்கள். அதையும் புதியதையும் ஷிஃப்ட் நோட்டில் குறித்துவிட்டுப் போங்கள். அடுத்து வருபவருக்கு அதை விட்டால் வேறு தடயம் கிடையாது.