ஹெலன்ஸ்பர்க்கில் ஒரு தோசையும் நாலு பங்காளிகளும்

சிட்னியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மோட்டார்வேயை விட்டு இறங்கினா, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவுல வெள்ளைக் கோபுரம் தெரியும். ஹெலன்ஸ்பர்க் நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். 1985-ல் இங்கே வெங்கடேஸ்வரர் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது. அப்போ சின்னப் பிள்ளைகளா வந்த நாங்க, இப்போ எங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றோம். சாமி கும்பிட்டதும் பிள்ளைங்க நேரா ஓடுறது கீழே கேன்டீனுக்குத்தான். நாங்களும் அப்படித்தானே ஓடினோம்!

எனக்கு இந்தக் கேன்டீன் இன்னொரு வகையிலயும் பழக்கம். 2012-ல் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, நவ்ரா பக்கம் ரெண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டத்தையும் ஒரு ஷெட்டையும் குத்தகைக்கு எடுத்தோம். வைன் போடப் போறோம்னு சொன்னதும் அம்மா ரெண்டு நாள் பேசல. அப்பா மட்டும், "விவசாயம்னு சொல்லிக்கோ" என்றார்.

உண்மையிலேயே விவசாயம்தான். கடலோர ஈரத்துக்கு இலையில் பூஞ்சை பிடிக்கும். அதனால அந்தப் பக்கம் ஷாம்போர்சின் ரகத்தை நிறைய பேர் வைப்பாங்க, அது நோயைக் கொஞ்சம் தாங்கும். பறவைக்கு வலை கட்டணும். பிப்ரவரியில், வெயில் ஏறுறதுக்குள்ள கையாலே பறிக்கணும். நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து வரும், அதை ஒரு நாளைக்கு மூணு தடவை அமுக்கி விடணும். 225 லிட்டர் பீப்பாய் ஒண்ணுக்கு 300 பாட்டில். வாங்கினவங்க பாதிப் பேர் சொந்தக்காரங்க.

அறுவடை முடிஞ்சு திரும்புற வழியில ஹெலன்ஸ்பர்க்கில் நிறுத்துவோம். கை ஊதா நிறத்துல இருக்கும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. அந்தக் கையாலயே தோசை. பில்லை எப்பவும் எங்க நாலு பேர்ல மூத்தவர்தான் கொடுப்பார். வரவு செலவு அவர் பொறுப்பு, அதனால அவருக்குப் பேரே 'கணக்கு அண்ணா'.

2019 நவம்பர் கடைசியில் ஷோல்ஹேவனில் கர்ரோவன் காட்டுத்தீ ஆரம்பிச்சது. எழுபது நாளுக்கு மேல எரிஞ்சது. எங்க தோட்டத்துக்குத் தீ வரல, புகைதான் வந்தது. பழம் பார்க்க அழகா இருந்தது, தின்னாலும் இனிப்பு. ஆனா புகையில இருக்கிற சில பொருட்கள் பழத்தின் சர்க்கரையோடு ஒட்டிக்கும், நொதிக்கும்போதுதான் வெளியே வரும். ஒரு வாளியில கொஞ்சம் நொதிக்க வச்சுப் பார்த்தோம். வாயில வச்சா அணைஞ்ச அடுப்புச் சாம்பல்.

"மலிவா வித்துடலாம், போட்ட காசுல கொஞ்சமாவது தேறும்" என்றார் அண்ணா. நாங்க மூணு பேரும் வேண்டாம்னோம். எங்க பேர் கெட்டுடும்னு நான்தான் சத்தமாப் பேசினேன். மூணுக்கு ஒண்ணு. வலையை எடுத்து, பழத்தைப் பறவைகளுக்கு விட்டோம். அவர் எதுவும் சொல்லாம கார்ல ஏறிப் போனார். அடுத்த வருஷம் குத்தகையும் முடிஞ்சது. அவர் வீட்டு மேல கடன் வாங்கித்தான் பங்கு போட்டிருந்தார்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னைக்கு, "உங்களுக்கு எவ்வளவு போகும் அண்ணா?"ன்னு நாங்க யாருமே கேட்கல.

பழத்தை விட்டது சரின்னு இன்னைக்கும் சொல்வேன். அவரைக் கேட்காம விட்டது சரியில்ல.

போன மாசம் அதே கேன்டீன் வரிசையில எனக்கு முன்னாடி அவர் நின்னார். என் பொண்ணுதான் முதல்ல பார்த்தா: "அப்பா, கணக்கு மாமா!" என்ன பேசுறதுன்னு தெரியாம நின்னேன். அவர் அவள் தலையைத் தடவிட்டு என்னைப் பார்த்தார்.

"2018 ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஆறு பாட்டில் இருக்கு அண்ணா."

"மூணு எனக்கு."

"நாலு பங்கு போட்டா உங்களுக்கு ஒன்றரைதானே?"

சிரிச்சார். பில்லுக்கு அவர் பர்ஸை எடுக்குறதுக்குள்ள நான் கார்டை நீட்டிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போறேன், மூணு பாட்டிலோட. அன்னைக்குக் கேட்காத கேள்வியையும் கேட்கணும்.