ஒன்பதே முக்கால் கோடிக்கு ஒரு 38 வயது பந்துவீச்சாளர்!

கிரிக்கெட் பற்றி எழுதினால் "போய் படிக்கிற வேலையைப் பாரு"ன்னு கணக்கு சார் சொல்வார். இதிலும் நிறைய கணக்கு இருக்கு சார், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவுதி அரேபியாவில் உள்ள ஜெத்தா நகரில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. அதில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி நம்ம அஸ்வினை 9 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 38. "சொந்த வீட்டுக்கே திரும்பி வந்துட்டாரு, விசில் போடு!"ன்னு நம்ம பசங்க பாதிப் பேர் குதிச்சாங்க. நான் குதிக்கவில்லை.

உடனே என்னை அடிக்க வராதீங்க. அஸ்வின் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கும் தெரியும். 106 டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்தவர். 2011 இறுதிப் போட்டியில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை பூஜ்யத்தில் அனுப்பினாரே, அந்த ஒரு பந்துக்கே சிலை வைக்கலாம். ஆனால் 2011-இல் போட்ட பந்துக்கு 2024-இல் காசு கொடுப்பதா? இதுதான் என் கேள்வி.

வயதானவரை வாங்கவே கூடாது என்பது என் கட்சி இல்லை. 2018-இல் இதே சென்னை அணியை 'அப்பாக்கள் படை' என்று கிண்டல் செய்தார்கள். வாட்சனுக்கு வயது 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 38. கடைசியில் கோப்பை யாருக்கு? இறுதிப் போட்டியில் வாட்சன் 117 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அடுத்த வருஷம் தாஹிர், 40 வயதில், 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பியே வாங்கினார்! விக்கெட் விழுந்ததும் மைதானம் முழுக்க ஓடுவாரே, அவரேதான். ஷேன் வார்ன் 38 வயதில் கேப்டனாக இருந்து ராஜஸ்தானுக்கு 2008-இல் முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2018 ஏலத்தில் தாஹிரை வாங்கிய விலை 1 கோடி. ஹர்பஜன் 2 கோடி. வாட்சன் 4 கோடி. அதாவது அவர்கள் சரியாக ஆடாமல் போயிருந்தாலும் அணி மூழ்கியிருக்காது.

நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீங்க. வண்டி எத்தனை வருஷம் ஓடியது என்று மட்டும் கேட்க மாட்டாங்க. இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாங்க, சேசிஸில் எங்கேயாவது வெல்டிங் வைத்திருக்கான்னு குனிஞ்சு தடவிப் பார்ப்பாங்க, எஃப்.சி. எப்போ முடியுதுன்னு விசாரிப்பாங்க. அப்புறம்தான் விலை பேசுவாங்க. பழைய வண்டி வாங்குவதில் தப்பே இல்லை. புது வண்டி விலைக்கு வாங்கினால்தான் ஊரே சிரிக்கும். (அஸ்வினை லாரியோடு ஒப்பிட்டதற்கு அவர் ரசிகர்கள் மன்னிக்கவும்.)

இப்போ சென்னையின் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு அணிக்கும் மொத்தம் 120 கோடி. ருதுராஜ், ஜடேஜா, பதிரானா, துபே, தோனி ஐந்து பேரையும் தக்க வைத்ததில் 65 கோடி போச்சு. மீதி 55 கோடி. அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஒரே அஸ்வினுக்கு! ஏற்கெனவே 18 கோடிக்கு ஜடேஜா என்ற சுழல் இருக்கிறார். அதே ஏலத்தில் ஆப்கானிஸ்தான் பையன் நூர் அகமதையும் 10 கோடிக்கு எடுத்தார்கள். மூன்று பேரும் சுழல். பேட்டிங்குக்கு யார்? 43 வயது தோனிக்கே 4 கோடிதான் என்பதையும் பாருங்கள்.

இன்ஜின் சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 2022-இல் ராஜஸ்தான் அணி அவரை 5 கோடிக்கு வாங்கியது. 2023-இல் 14 விக்கெட் எடுத்தவர், 2024-இல் 9 தான் எடுத்தார். 2023-இலிருந்து இம்பேக்ட் பிளேயர் விதி வேற வந்துவிட்டது. ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாக இருப்பதால் எல்லாரும் முதல் பந்திலிருந்தே சுத்துறாங்க. அப்படியிருக்க விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது எப்படி?

"அனுபவம் வேணும்டா, சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்"னு என் நண்பன் சொல்வான். நல்ல பேச்சுதான். ஆனால் ஏலத்துக்கு முன்பே, 2024 ஜூனில், சென்னை அணியின் பயிற்சி மையத்துக்கு அஸ்வின்தான் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். சொல்லிக் கொடுக்க அந்த வேலை போதுமே. ஏலப் பணம் பந்து போடுவதற்கு.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் அஸ்வின் சர்வதேச கிரிக்கெட்டுக்கு விடை கொடுத்தார். 2025 ஐ.பி.எல்.லில் 9 ஆட்டங்களில் 7 விக்கெட். 20 வயது நூர் அகமது 24 விக்கெட். சென்னை 14-இல் 4 மட்டும் ஜெயித்து முதல் தடவையாகக் கடைசி இடம் பிடித்தது. சேப்பாக்கத்திலேயே வரிசையாக 5 தோல்வி! தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்த நாட்கள் அவை. 2025 ஆகஸ்ட் 27 அன்று அஸ்வின் ஐ.பி.எல்.லுக்கும் விடை கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு சென்னை அப்படியே தலைகீழாகத் திரும்பியது. ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஒரு ஆட்டமும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். வயது 20, 19. எனக்கென்னவோ இதுவும் பயமாகத்தான் இருக்கு. வயசைப் பார்த்து மட்டும் வாங்கினால், பேரைப் பார்த்து வாங்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, இவ்வளவு பேசிவிட்டு நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை விட்டால் என்னைச் சும்மா விட மாட்டீங்க. 2021 ஜனவரியில் அதே பிரிஸ்பேனில், முதுகு வலியால் அஸ்வின் ஆட முடியாமல் போன டெஸ்டில்தான் நடராஜன் அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட், இந்தியா ஜெயித்தது. அதே ஜெத்தா ஏலத்தில், 33 வயதில், டெல்லி அணி அவரை 10 கோடியே 75 லட்சத்துக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஐ.பி.எல்.லில் அவர் எடுத்தது 19 விக்கெட். ஆகவே அந்த விலையில் நியாயம் இருந்தது. ஆனால் 2025-இல் அவர் ஆடியது 2 ஆட்டம்தான். வேகப்பந்து போடுகிறவருக்கு முழங்கால்தான் இன்ஜின். அதில் அவருக்கு 2021-இலேயே அறுவை சிகிச்சை நடந்தது.

அடுத்த ஏலத்தில் சென்னை அவரை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், கடைசி நாலு ஓவரில் யார்க்கர் போட அவரை மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம். என் விலை 3 கோடி. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கிடையாது, நம்ம ஊர்க்காரராக இருந்தாலும்.

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு