திகைப்பூண்டு

இராமேஸ்வரம் இராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி முடித்துவிட்டு மூன்றாம் பிரகாரத்தில் வந்து நிற்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தூண்கள். 1212 என்பது கணக்கு. கிழக்கு எது, மேற்கு எது என்று சட்டெனப் பிடிபடாது. வந்த வழியிலேயே திரும்ப நடப்பார்கள். "திக்கு மாறிப்போச்சு தம்பி, கெழக்கு வாசல் எங்கிட்டு இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதில் வெட்கம் ஏதும் இருக்காது.

வெட்கப்படாமல் இருக்கவென்றே கிராமத்தில் ஒரு செடி வைத்திருக்கிறார்கள். திகைப்பூண்டு. மிதித்தவனுக்கு வழி மறந்துபோகும். சொந்த ஊர்க் கண்மாய்க் கரையையே விடிய விடியச் சுற்றி வருவான். அந்தப் பூண்டைப் பிடுங்கி வந்து காட்டியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பழி செடியின் மேல் போய்விடுகிறது. மிதித்தவன் மறுநாள் வழக்கம்போல் வயலுக்குப் போகலாம். "கண்ணைக் கட்டிருச்சு", "புத்தி பிசகிருச்சு" என்பதும் இதே சாதிதான். ஏதோ வந்தது, போய்விட்டது.

எல்லாத் தடுமாற்றத்தையும் இப்படிச் சிரித்து அனுப்பிவிடவும் முடியாது. சாமி கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று விரதம் இருப்பவர், சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வருவார். தீர்த்தக் கிணறு கிணறாக நனையும்போது வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். கூட வந்த மகனையே யாரென்று கேட்பார். சாமி வந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், இனிப்பாக ஏதாவது கொடுத்த சிறிது நேரத்தில் மகன் மகனாகத் தெரிவான். வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்தாலும் இப்படித்தான். "உப்பு கொறைஞ்சிருச்சு, அதான் ஏதேதோ பேசுறாரு" என்று வீட்டில் சொல்வார்கள். சுற்றிலும் உப்புக் கடல் இருந்து என்ன பயன், ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

தடுமாற்றம் நாள் கணக்கில் நீடித்தால் நம் பேச்சு மாறிவிடுகிறது. செடியை விட்டுவிட்டு ஆளைச் சொல்ல ஆரம்பிக்கிறோம். இராமேஸ்வரம் இருக்கும் அதே மாவட்டத்தில், கீழக்கரையைத் தாண்டினால் ஏர்வாடி. தர்காவில் தங்கினால் தெளியும் என்று எங்கெங்கிருந்தோ மனநலம் குன்றியவர்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளவெனத் தனியார் விடுதிகள் முளைத்தன. அங்கே சங்கிலியும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அப்படியொரு விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்த விடுதிகளை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவைக்க வேண்டியிருந்தது.

இப்போது ஏர்வாடியில் அரசின் 'தவா–துவா' திட்டம் நடக்கிறது. தவா மருந்து, துவா பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவர்களை நம்பிக்கையை விட்டுவிட்டு வரச் சொல்லாமல், மனநல மருத்துவத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. எது குணப்படுத்தியது என்று குடும்பத்தார் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடிக்கொள்ளட்டும், மாத்திரை ஒரு வேளையும் தவறாமல் உள்ளே போனால் சரி.