கஷ்டத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

புயல், வெள்ளம், சுனாமி எது வந்து போனாலும் மறுவாரம் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு சொல் வந்துவிடும். ‘ரெசிலியன்ஸ்’. சென்னை மக்கள் ரெசிலியன்ட், மீனவர்கள் ரெசிலியன்ட், வடசென்னை ரெசிலியன்ட். தமிழில் ‘மீள்திறன்’ என்கிறார்கள், ‘மீண்டெழும் ஆற்றல்’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்தால் ஒரு சின்ன நெருடல் உண்டு. அதற்கு நான் படித்த படிப்புதான் காரணம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு இரண்டாவது சுற்றில் வந்த மொழி, அதுவும் சென்னையில் அரசாங்க ஆபீசில் கோப்பு எழுதி எழுதி வந்தது. அதனால் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால், கல்யாண வீட்டில் தூரத்து உறவினரைப் பார்ப்பது போல, ‘இவர் யார் வீட்டுப் பிள்ளை’ என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

கஷ்டம் சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொற்களில் பல பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘த்ராவாய்’ என்றால் பிரெஞ்சில் வேலை, அவ்வளவுதான். அதே எழுத்துகளோடு ஆங்கிலத்துக்குப் போய் ‘ட்ராவெய்ல்’ ஆனதும் வேதனை, பிரசவ வலி என்றெல்லாம் பொருளாகிவிட்டது. இதன் மூலம் லத்தீனில் மூன்று கம்புகளால் ஆன ஒரு சித்திரவதைக் கருவியின் பெயர் என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். ‘மிசேர்’ என்றால் பிரெஞ்சில் முதலில் வறுமை. ஆங்கில ‘மிசரி’யில் வறுமை பின்னால் போய், மனத்துயரம் முன்னால் வந்துவிட்டது. ‘பேஷன்ஸ்’ என்பதும் ஆஸ்பத்திரி ‘பேஷன்ட்’டும் ஒரே வேர். இரண்டின் வேரிலும் தாங்கிக்கொள்வதுதான் இருக்கிறது.

இப்போது ‘ரெசிலியன்ஸ்’. லத்தீனில் ‘பின்னால் துள்ளுவது’ என்று பொருள். பிரெஞ்சில் இதே வேரிலிருந்து வந்த ‘ரெசிலியே’ என்ற வினைச்சொல்லுக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்வது என்று அர்த்தம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். ‘ரெசிலியான்ஸ்’ என்று ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. அது உலோகப் பரிசோதனைச் சொல். ஜார்ஜ் ஷார்ப்பி என்ற பிரெஞ்சுக்காரர் 1901-இல் வகுத்த முறை இன்றும் உலகமெங்கும் நடக்கிறது. ஓர் இரும்புத் துண்டில் சின்ன வெட்டுப் போட்டு, ஊசல் போல ஆடி வரும் சம்மட்டியால் ஒரே அடி. உடைவதற்கு அந்தத் துண்டு எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டது என்பதுதான் அதன் ரெசிலியான்ஸ்.

கவனியுங்கள், அடித்து உடைத்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். மனிதர்களின் மனவலிமைக்கு இந்தச் சொல்லைப் போடுவது பிரான்சில் பிற்பாடு வந்த பழக்கம். போரிஸ் சிருல்னிக் என்ற மனநல மருத்துவர் எழுதிய புத்தகங்களால் 1990-களின் இறுதியில்தான் பொதுமக்களிடம் பரவியது.

நம் ஊருக்கும் இந்தப் பட்டம் முறையாகவே கிடைத்திருக்கிறது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ‘100 ரெசிலியன்ட் சிட்டீஸ்’ திட்டத்தில் 2014-இல் சென்னையைச் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே பெருவெள்ளம். 2019-இல் ‘ரெசிலியன்ஸ்’ திட்ட அறிக்கையும் வெளியானது.

2023 டிசம்பருக்கு வருகிறேன். மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் பக்கமெல்லாம் படகு, வலை, அலையாத்தி மரங்கள், வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. முதல் நாட்களில் மீனவர்களே படகில் போய் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளினார்கள். அது ஆறுவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். 19 வருஷத்துக்கு முன் சுனாமி வந்ததும் அதே தேதி.

எண்ணெய் வந்து பத்து நாள் இருக்கும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, கூடை இல்லாமல் பேரனோடு வந்தார். கலெக்டருக்கு மனு. பேரன் பி.காம் படிக்கிறான், ஆங்கிலத்தில் அவனே எழுதியிருந்தான். “சார், தப்பு இருக்கான்னு பாத்துக் குடு” என்றார் அம்மா.

தப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ‘நாங்கள் ஹார்ட்ஷிப்பை பெர்சிவியரன்ஸோடு எதிர்கொள்ளும் ரெசிலியன்ட் மக்கள்’ என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் ஓடியது. எத்தனை வலை, எத்தனை நாள் தொழில் இல்லை என்பது கடைசி இரண்டு வரியில்தான் வந்தது.

“தம்பி, இந்த ரெசிலியன்ட் வேணாமே” என்றேன்.

“ஏன் சார்? நல்ல வார்த்தைதானே? இன்டர்வியூல இதச் சொல்லணும்னு எங்க மேடமே சொன்னாங்க.”

“இன்டர்வியூல சொல்லு. அங்க உன்னத் தேடுறாங்க. மனுவ வாங்குற கிளார்க், இவங்க எப்படியும் சமாளிச்சிடுவாங்கன்னு நெனச்சா என்ன பண்ணுவான்? அடுத்த மனுவ எடுப்பான். நான் அந்த நாற்காலியில உக்காந்தவன்.”

மனு படிக்கும் கண் தேடுவது வேறு. யார், எந்த ஊர், எது போச்சு, எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, என்ன வேண்டும். பெயரடைகள் வந்தால் கண் தாண்டிப் போய்விடும். ‘வலை நான்கு, இன்ன வகை, இன்ன விலை’ என்று இருந்தால் நின்றுவிடும், ஏனென்றால் அதைக் குறிப்பில் எழுதியாக வேண்டும்.

அம்மா குறுக்கே வந்தார். “கஷ்டம்னு எழுது சார். ஆனா பிச்ச கேக்குற மாதிரி எழுதாத.”

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுக்க இருந்தது. பையன் தேடிப் பிடித்த பெரிய சொற்களும் அதற்காகத்தான். பாட்டி யாரிடமும் கையேந்தி நிற்கக் கூடாது என்ற ரோஷம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரோஷத்துக்கு வேறு சொல் இருக்கிறது.

அவருக்கு இரண்டு சொற்களைச் சொன்னேன். “‘ரிலீஃப்’னா விழுந்தவங்களக் கை குடுத்துத் தூக்கி விடுறது. ‘காம்பென்சேஷன்’னா, ஒரு தட்டுல நஷ்டத்த வச்சா மறு தட்டுல பணத்த வச்சு எடைய நேர் பண்றது. அந்த வார்த்தையே எடை போடுறதுலேர்ந்துதான் வந்துச்சு.”

நாற்பது வருஷம் தராசு பிடித்த கை. யோசிக்கவே இல்லை. “அப்ப ரெண்டாவதையே போடு சார்” என்றார்.

அரை மணி நேரத்தில் பையனே புதிதாக எழுதிவிட்டான். அரைப் பக்கம்தான். பெயரடை ஒன்றுகூட இல்லை.

பிறகு தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. அந்த அம்மாவின் குடும்பமும் பட்டியலில் இருந்தது. அறிவிப்பில் அதற்குப் பெயர் நிவாரணம். தராசுக் கணக்கு வேறு. அதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

அந்தக் குப்பங்களில் கஷ்டத்துக்கு என்ன சொல் என்று யோசித்தால், ‘பாடு’ என்ற சொல்தான் முதலில் நிற்கிறது. பாடுபடுவது என்றால் உழைப்பது. படாத பாடு என்றால் துன்பம். கடற்கரையில் இன்னொரு பொருளும் உண்டு, பிடிபட்ட மீனுக்கும் பாடு என்றுதான் பெயர். “இன்னிக்குப் பாடு இல்ல” என்று ஒருவர் சொன்னால், வெளியூர்க்காரருக்குத் துன்பம் இல்லாத நாள் போலத் தோன்றும். அன்றைக்குத்தான் அடுப்பு எரியாது. வேலை, வலி, வருமானம் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இதற்கு ஈடு கிடைக்கவில்லை.

இன்னொன்றும் தமிழில்தான் தெரிகிறது. ‘பொறு’ என்ற ஒரே வேரிலிருந்து பொறுமையும் வந்தது, பொறுப்பும் வந்தது. ஒன்று தாங்கிக்கொள்வது, மற்றொன்று தலையில் ஏற்றுக்கொள்வது. எண்ணூரில் பொறுமையை மட்டும் எப்போதும் குப்பத்து ஜனங்களிடம் கேட்கிறோம். பொறுப்பை யாரிடம் கேட்பது என்று வரும்போது, ‘ரெசிலியன்ஸ்’ என்று ஒரு பாராட்டுப் பத்திரத்தை நீட்டிவிடுகிறோம்.